ஒற்றை இருக்கை: புதியவருக்கான கிளைடரைத் தேடிய கதை

1

அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகஷீர், ஆர்த்ரா. ஜாதகம் பார்க்க உட்காரவில்லை. இவை ஆறும் கிளைடர்கள், அதாவது எஞ்சின் இல்லாத விமானங்கள். 1950-களின் பிற்பகுதியிலிருந்து, புது தில்லி சப்தர்ஜங் விமான நிலையத்தில் இயங்கிய சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் இவற்றை வடிவமைத்தது. அஸ்வினி 1958-இல் பறந்தது. ரோகிணி 1961, கார்த்திக் 1963, மிருகஷீர் 1970. பறந்த வரிசையை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் அடுக்கினால் பஞ்சாங்கத்தின் முதல் ஆறு நட்சத்திரங்களும் ஒன்றுவிடாமல் வந்துவிடும். அங்கே யாரோ ஒருவர் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்.

இவற்றில் முக்கியமானவற்றை வடிவமைத்தவர் எஸ். ராமாமிர்தம். பெயர் நம் தெருவில் கேட்ட பெயர்தான். ஆனால் இந்தப் பெயரோடு இப்படி ஒரு வேலையைச் சேர்த்து நாம் கேள்விப்பட்டதில்லை. ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் நமக்குக் கதாநாயகர்கள் உண்டு. மரச்சட்டமும் பிளைவுட்டும் துணியும் வைத்து, காற்றை மட்டும் நம்பிப் பறக்கும் வண்டி செய்தவர்களைப் பாடப்புத்தகம் கண்டுகொள்ளவில்லை.

அந்த ஆறையும் இன்னொரு விதமாகப் பிரிக்கலாம். அஸ்வினி, ரோகிணி, ஆர்த்ரா மூன்றும் இரட்டை இருக்கை. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பறக்க. பரணி, கார்த்திக், மிருகஷீர் மூன்றும் ஒற்றை இருக்கை. இந்தக் கட்டுரை அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றியது. இரட்டை இருக்கையில் கற்ற ஒருவர், தனியாகவும் சில தடவை அதிலேயே பறந்துவிட்ட ஒருவர், முதன்முதலாக ஒற்றை இருக்கைக்கு மாறும் நாள் வருகிறது. அவருக்கு எந்த வண்டியைக் கொடுப்பது?

சின்னக் கேள்வி போலத் தெரியும். நூறு வருடத்துக்கும் மேலாக வடிவமைப்பாளர்களும் கமிட்டிகளும் அரசாங்கங்களும் இதற்குப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். சிலருடைய பதில் தவறியதில் உயிர்கள் போயின. சிலருடைய பதில் சரியாக இருந்தும் யாரும் வாங்கவில்லை.

2

முதலில் ஓர் எண்ணைப் பார்த்துவிடலாம். கிளைடர் பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்த எண்ணில்தான் வந்து நிற்கும். அதன் பெயர் சறுக்கு விகிதம். ஒரு மீட்டர் உயரத்தை இழப்பதற்குள் எத்தனை மீட்டர் முன்னேறும் என்ற கணக்கு.

நான் இருக்கும் திருநின்றவூரையே எடுத்துக்கொள்கிறேன். இங்கிருந்து சென்ட்ரல் ரயில் பாதையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கிளைடர் இருக்கிறது, காற்று அசையவில்லை, தண்டவாளத்தின் மேலேயே கிழக்கு நோக்கிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். (நிஜத்தில் யாரும் அனுமதி தரமாட்டார்கள். கணக்குக்காக மட்டும்.) 1931-இல் வந்த குருனாவ் பேபி என்ற ஜெர்மன் கிளைடரின் விகிதம் 17. ஆவடி, அம்பத்தூர் தாண்டி, கொரட்டூர் பக்கம் தரையைத் தொட்டுவிடும். 1957-இன் கா 8 என்ற வண்டிக்கு 27. பேசின் பிரிட்ஜ் வரை வந்துவிடும், சென்ட்ரல்தான் கிடைக்காது. 1980-இன் எல்.எஸ். 4 கண்ணாடியிழை வண்டிக்கு 40. சென்ட்ரலையும் கடற்கரையையும் தாண்டிக் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்.

இதைப் பார்த்ததும் யாருக்கும் எல்.எஸ். 4 மேல்தான் ஆசை வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால் புதியவருக்கு எது ஏற்றது என்ற கேள்விக்கு இந்த எண் கிட்டத்தட்ட எதுவுமே சொல்வதில்லை. எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லும். கை தடுமாறினால் என்ன செய்யும் என்று சொல்லாது.

தடுமாறும் கையின் கதை ஓட்டோ லிலியந்தாலிடமிருந்து தொடங்குகிறது. பெர்லின் அருகே மண்மேடு எழுப்பி அதிலிருந்து குதித்துக் குதித்துப் பறந்தவர். 1894-இல் அவர் ஒரு கிளைடரை 500 மார்க் விலைக்கு விற்க ஆரம்பித்தார். ஒரே வடிவத்தில் தொடர்ச்சியாகச் செய்து விற்கப்பட்ட முதல் பறக்கும் இயந்திரம் அதுதான். குறைந்தது ஒன்பது பேர் வாங்கியது தெரியவந்திருக்கிறது. அந்த வண்டியில் கைப்பிடி, பெடல் எதுவும் கிடையாது. இறக்கையில் தொங்கிக்கொண்டு உடம்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசித்தான் திருப்ப வேண்டும். லிலியந்தால் அதைச் சுமார் 2000 முறை செய்து பழகியவர். வாங்கியவர்களின் கதை அப்படியா? 2000 தடவை பறந்த உடம்புக்கென்று செய்த வண்டியை ஒரு தடவைகூடப் பறக்காத உடம்புக்கு விற்றார். கடைசியில் 1896 ஆகஸ்டில் அவரே விழுந்து மறுநாள் இறந்தார். அவரிடம் வாங்கியவர்களில் ஒருவரான ஆங்கிலேயர் பெர்சி பில்ச்சர், பிறகு தானே கிளைடர்கள் செய்து, அவற்றில் ஒன்றின் வால் உடைந்து 1899-இல் இறந்தார்.

முதல் பாடம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது. செய்தவருக்கு எளிதாக இருப்பது கற்பவருக்கு எளிதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

3

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனிக்கு வெர்சாய் உடன்படிக்கை விமானப்படையைத் தடைசெய்தது. எஞ்சின் விமானங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. எஞ்சின் இல்லாததை யார் தடுப்பது? 1920-இல் வாஸர்குப்பெ மலையில் மாணவர்கள் கூடிப் போட்டி நடத்தினார்கள். அங்கிருந்துதான் கிளைடர் ஒரு விளையாட்டாகவும், சத்தமில்லாமல் விமானிகளைத் தயாரிக்கும் பள்ளியாகவும் வளர்ந்தது.

அன்றைய பயிற்சியில் இரட்டை இருக்கையே வழக்கத்தில் இல்லை. முதல் நாளிலேயே தனியாகத்தான். 1926-இன் சோக்லிங், 1938-இன் எஸ்.ஜி. 38 போன்ற ஆரம்பநிலை வண்டிகள் பார்ப்பதற்கு ஏணிக்கு இறக்கை கட்டியது போலிருக்கும். முன்னால் ஒரு பலகை, அதில் மாணவர் திறந்தவெளியில் உட்காருவார். நண்பர்கள் ரப்பர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். கவண்கல் மாதிரி வண்டி கிளம்பும். முதலில் தரையிலேயே சறுக்கல், பிறகு ஓராள் உயரம், பிறகு சில விநாடிப் பறத்தல். ஆசிரியர் தரையில் நின்று கத்துவார். கேட்டால் உண்டு.

முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் அதற்குள் ஒரு தெளிவு இருந்தது. தப்பு நடக்கும், அது ஓராள் உயரத்தில் நடக்கட்டும் என்ற தெளிவு. வண்டி உடையும், அதை ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டிவிடலாம். இந்த ஏணியில் தேறியவருக்கு அடுத்த படியாக வந்ததுதான் குருனாவ் பேபி. எட்மண்ட் ஷ்னைடர் 1931-இல் வடிவமைத்தது. மெதுவாகப் பறக்கும், திருப்பத்தில் மிரளாது. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு நாடு நாடாகப் பரவியது.

குருனாவ் என்ற அந்தச் சிலேசிய கிராமத்தில் கற்றவர்களில் ஒருவர் ஹன்னா ரைட்ஷ். பின்னாளில் நாஜி அரசின் புகழ்பெற்ற சோதனை விமானி. கடைசிவரை அந்த விசுவாசத்தைப் பற்றிப் பெரிதாக வருந்தாதவர். 1959-இல் இந்தியாவுக்கு வந்தார். நேருவைக் கிளைடரில் ஏற்றித் தில்லிக்கு மேலே பறந்தார். காலனியத்திலிருந்து விடுபட்ட ஒரு நாட்டின் பிரதமரும் நாஜிகளின் விமானியும் ஒரே சிறு கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்களைப் பற்றி யாராவது நாவல் எழுதலாம். நம் கதைக்கு வேண்டியது வேறு: அந்த வருடங்களில் கிளைடர் என்பது புதிய இந்தியா அக்கறையோடு பார்த்த ஒரு விஷயம். 1950-லேயே புனே ஹடப்சரில் அரசின் கிளைடிங் மையம் தொடங்கியிருந்தது. இளைஞர்களைக் குறைந்த செலவில் வானத்துக்குப் பழக்க ஒரு வழி வேண்டும், எரிபொருள் இல்லாத வண்டியைவிட மலிவான வழி ஏது?

4

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பயிற்சி முறை மாறியது. இரட்டை இருக்கையில் ஆசிரியர் கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது வழக்கமானது. விபத்துக்குப் பெரிய தடுப்பு அது. ஆனால் ஒரு சிக்கலைத் தீர்த்தபோது இன்னொன்று பிறந்தது.

பழைய முறையில் மாணவர் முதலிலிருந்தே ஒற்றை இருக்கைக்காரர். படிப்படியாகப் பெரிய வண்டிக்குப் போனார். புதிய முறையில் அவர் கனமான, நிதானமான இரட்டை இருக்கை வண்டியில் கற்றுவிட்டு, ஒருநாள் அதைவிட மிக இலேசான, துடிப்பான ஒற்றை இருக்கையில் ஏறுகிறார். ஆசிரியர் கூட வந்து காட்ட முடியாது, உட்கார இடமே இல்லை. அந்த வண்டியில் அவருடைய முதல் பறத்தல், யாருமே கூட இல்லாத முதல் பறத்தலாகவும் இருக்கும்.

அனுபவம் குறைவு என்றால் எவ்வளவு குறைவு? விஞ்சில் இழுத்து ஏவும் கிளப்பில், மேலே ஏற்றிவிடும் காற்று கிடைக்காவிட்டால் ஒரு பறத்தல் 5, 6 நிமிடம். 50 தடவை ஏறி இறங்கியவர் என்றாலும் மொத்தம் 5 மணி நேரம்தான். டூவீலரில் 5 மணி நேர அனுபவம் உள்ளவரைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் விடுவோமா?

அப்படியானால் இரட்டை இருக்கையிலேயே இன்னும் கொஞ்ச நாள் பறக்கட்டுமே என்று தோன்றும். அங்கேதான் கிளப்பின் வரவு செலவு குறுக்கே வருகிறது. இரட்டை இருக்கை வண்டிகள் குறைவு, அடுத்த மாணவர் வரிசையில் நிற்கிறார். இன்னொரு பக்கம், உலக விமான விளையாட்டுக் கூட்டமைப்பின் வெள்ளிப் பதக்கச் சின்னத்துக்கு 5 மணி நேரம் மேலேயே இருக்க வேண்டும், 50 கிலோமீட்டர் போக வேண்டும், 1000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். எல்லாம் தனியாக. கிளப்பின் ஒரே பயிற்சி வண்டியை ஒரே ஆள் 5 மணி நேரம் மேலே வைத்திருந்தால் கீழே நிற்பவர்கள் சும்மா விடுவார்களா? ஆகவே அனுபவம் குறைந்தவருக்கும் ஒற்றை இருக்கை தேவை. அவருக்குத்தான் அதிகம் தேவை.

இதற்கு மிக நல்ல பதில் சொன்னவர் ருடால்ப் கைஸர், ஷ்லைகர் நிறுவனத்தின் வடிவமைப்பாளர். 1950-களில் அவர் செய்த கா 6 போட்டிகளில் பேர் வாங்கிய ஒற்றை இருக்கை வண்டி. அதையே புதியவர்களுக்கும் கொடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கா 7 என்ற இரட்டை இருக்கைப் பயிற்சி வண்டியைச் செய்தார். அதில் தேறியவர்களுக்காக 1957-இல் கா 8. எஃகுக் குழாய் உடல், மர இறக்கை, துணிப் போர்வை, உள்ளே மடங்காத சக்கரம், வலுவான ஏர்பிரேக். ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டன. எஃகுக் குழாயானதால் தரையிறக்கத்தில் நெளிந்தாலும் வெல்டிங் தெரிந்தவரை வைத்து நிமிர்த்திவிடலாம். குழாய் வளைந்ததற்காக மாணவரைத் திட்டவேண்டிய அவசியம் குறைவு. இதுவும் வடிவமைப்பின் பகுதிதான்.

இருபது வருடம் கழித்து கண்ணாடியிழைக் காலத்திலும் அதே மனிதர் அதையே செய்தார். 1979-இல் ஏ.எஸ்.கே. 21 இரட்டை இருக்கை. 1983-இல் அதற்குத் துணையாக ஏ.எஸ்.கே. 23 ஒற்றை இருக்கை. அண்ணனிடமிருந்து தம்பிக்கு மாறுவது போல. போலந்தில் அதே காலத்தில் ஜூனியர் என்ற பெயரிலேயே ஒரு வண்டி வந்தது, 1980-இல்.

கைஸர் கண்டுபிடித்தது இதுதான் என்று நினைக்கிறேன். புதியவருக்கு ஏற்றது என்பது தனி வண்டி ஒன்றின் குணம் கிடையாது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருக்கும் உறவு அது. எந்த வண்டியிலிருந்து வருகிறார் என்று கேட்காமல் எந்த வண்டிக்குப் போகலாம் என்று சொல்லவே முடியாது.

ரோகிணியையும் கார்த்திக்கையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் சுவாரஸ்யம். ரோகிணியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். கற்பிக்க அருமையான ஏற்பாடு: கையைக் காட்டலாம், முகத்தைப் பார்க்கலாம், பயந்தால் தெரிந்துவிடும். ஆனால் மாணவர் வண்டியின் நடுக்கோட்டில் இல்லை, ஒரு பக்கமாக இருக்கிறார். அடிவானத்தோடு மூக்கு எப்படித் தெரிகிறது என்பதை வைத்துத்தான் வேகத்தையும் சாய்வையும் கண் கணக்கிடும். அந்தப் படம் அவருக்குக் கொஞ்சம் கோணலாகவே பழகியிருக்கும். கார்த்திக்கோ 15 மீட்டர் இறக்கையோடு போட்டிக்கென்று செய்த ஒற்றை இருக்கை. அதில் விமானி நட்டநடுவில். பழகிய படம் மாறிவிடுகிறது. இரண்டையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. இரண்டும் தம் வேலைக்குச் சரியான வண்டிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் தூரம்தான் விஷயம்.

5

சரி, ஒரு வண்டி புதியவரைப் பொறுத்துக்கொள்ளுமா என்று எதை வைத்துப் பார்ப்பது?

முதலில் வால். மேலும் கீழும் மூக்கைத் திருப்பும் வால் இறக்கையில் பின்பாதி மட்டும் அசையும் வகை உண்டு. முழுசாக அசையும் வகையும் உண்டு. 1969-இன் ஸ்டாண்டர்ட் சிர்ரஸ் இரண்டாவது வகை. அழகான வண்டி, இன்றைக்கும் பலருக்குப் பிரியம். ஆனால் கைப்பிடியைச் சிறிது அசைத்தாலே மூக்கு எகிறும், விரல்களுக்குப் போதிய எதிர்ப்பும் தெரியாது. பதற்றமான கை இழுக்கும், மூக்கு தூக்கும். பயந்து தள்ளும், மூக்கு கவிழும். சரிசெய்யச் சரிசெய்ய ஆட்டம் கூடிக்கொண்டே போகும். இது ஏவும்போது, தரைக்குச் சில மீட்டர் மேலே நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது, வேகம் குறையும்போது என்ன செய்கிறது. இறக்கை மேல் காற்று ஒட்டாமல் பிரிந்து விழும் நிலையை ஸ்டால் என்பார்கள். நல்ல பயிற்சி வண்டி அதற்கு முன்பே நடுங்கிக் காட்டும், விழுந்தாலும் மூக்கை நேரே கவிழ்க்கும். சில வண்டிகள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பக்கம் சாய்ந்து சுழல ஆரம்பிக்கும்.

மூன்றாவது, சத்தம். கா 8 மாதிரி துணிப் போர்வை வண்டிகள் பேசும். வேகம் கூடினால் காற்று இரையும், குறைந்தால் அடங்கும். கண் வெளியே இருக்கும்போது காது வேகமானியாக வேலைசெய்யும். வழுவழுப்பான கண்ணாடியிழை வண்டி அமைதியானது, மூக்கு கொஞ்சம் கவிழ்ந்தால் வேகம் கிடுகிடுவென ஏறும், காது எச்சரிக்காது.

நான்காவது, கையிலிருக்கும் லீவர்களின் எண்ணிக்கை. மடங்கும் சக்கரம், ஃபிளாப், தண்ணீர்ச் சுமை எல்லாம் போட்டிக்காரர்களுக்கு வரம். புதியவருக்கு ஒவ்வொன்றும் மறக்க ஒரு வாய்ப்பு. சக்கரத்தின் லீவரை ஏர்பிரேக் என்று நினைத்து இழுத்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

ஐந்தாவதைத்தான் நாம் முதலில் வைக்க வேண்டும்: உடல் எடை. கிளைடரில் விமானி இறக்கைக்கு முன்னால் உட்காருகிறார். அவருடைய எடை மூக்கைக் கீழே பிடித்து வைக்கிறது. எடை குறைந்தால் சமநிலைப் புள்ளி பின்னால் நகரும், வண்டி நிலையிழக்கும், ஸ்டாலிலிருந்தும் சுழலிலிருந்தும் மீள்வது கடினமாகும். ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் குறைந்தபட்ச எடை எழுதி ஒட்டியிருக்கும். பாராசூட்டோடு சேர்த்து 70 கிலோ என்பது ஐரோப்பிய வண்டிகளில் அடிக்கடி காணும் எண். அங்கே சராசரி ஆண் அதை யோசிக்காமல் தாண்டிவிடுவார். நம் ஊரில் 18 வயதில், 48 கிலோவில், என்.சி.சி. சீருடையில் நிற்கும் ஒரு பெண்ணை நினைத்துப்பாருங்கள். பாராசூட் மாட்டினாலும் 60 எட்டாது. மூக்கில் ஈயக்கட்டி பொருத்தினால்தான் அவர் பறக்கலாம். பொருத்த இடம் இருக்கிறதா, பொருத்தினார்களா, ஒவ்வொரு முறையும் சரிபார்த்தார்களா? உலகம் முழுக்கப் பாதுகாப்பானது என்று பேர் எடுத்த வண்டி, அவர் ஏறும்போது வேறு வண்டியாகிவிடுகிறது. வண்டியை வரைந்தவர் மனதில் எந்த உடம்பு இருந்தது என்ற கேள்வி லிலியந்தாலோடு முடியவில்லை.

6

இனி கமிட்டிகளின் கதை. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வண்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற ஆசை இரண்டு தடவை பெரிதாக எழுந்தது.

முதல் தடவை 1939. 1940 ஒலிம்பிக்கில் கிளைடரும் ஒரு விளையாட்டாக இருக்கும் என்று முடிவாகியிருந்தது. எல்லா நாட்டவரும் ஒரே வண்டியில் போட்டியிட வேண்டும். அதன் வரைபடங்கள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், எந்த நாட்டிலும் செய்ய முடிய வேண்டும். இறக்கை 15 மீட்டர், கட்டமைப்பு எளிமை. அந்த வருடம் பிப்ரவரியில் இத்தாலியின் ஸெட்ஸெ நகரில் பல நாட்டு விமானிகள் வண்டிகளைப் பறந்து பார்த்து ஹான்ஸ் யாக்கோப்ஸ் வரைந்த மைஸெவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழு மாதத்தில் போர் வந்தது. ஒலிம்பிக் நடக்கவில்லை. அமைதிக்காக வரைந்த வண்டி போருக்குப் பிறகு பிரிட்டனில் ஒலிம்பியா என்றும் பிரான்ஸில் நார் 2000 என்றும் எதிரி நாடுகளின் தொழிற்சாலைகளில் மறுபிறவி எடுத்தது. போட்டி போனாலும் வண்டி பிழைத்தது, ஏனென்றால் கிளப்புகளுக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டது.

இரண்டாவது தடவை 1989. கிளைடர்களின் விலை விண்ணைத் தொட்டிருந்தது, புதியவர்கள் வருவது குறைந்துகொண்டிருந்தது. சர்வதேச கிளைடிங் ஆணையம் உலக வகுப்பு என்று ஒன்றை அறிவித்தது. மலிவாக, பாதுகாப்பாக, குறைந்த அனுபவமுள்ளவரும் ஓட்டும்படி ஒரே வடிவம். பல நாட்டு வடிவங்கள் வந்தன. 1992-இல் ஜெர்மனியின் ஓர்லிங்ஹவுஸனில் பறந்து சோதித்தார்கள். வென்றது வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பி.டபிள்யூ.-5. 13.44 மீட்டர் இறக்கை, நிலையான சக்கரம், சாதுவான குணம். 1997-இல் துருக்கியின் இனோனுவில் அதற்கென்று உலகச் சாம்பியன் போட்டியும் நடந்தது.

மேலே சொன்ன பட்டியலில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அதில் டிக் போடலாம். ஆனாலும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அதன் சறுக்கு விகிதம் 32 அல்லது 33. அதே காசுக்கு, 20 வருடம் பழைய, 36-க்கு மேல் போகும் கண்ணாடியிழை வண்டி கிடைத்தது. புதியவர் கணக்குப் போட்டார்: இந்த வண்டி இன்றைக்கு எனக்குச் சரி, இரண்டு வருடம் கழித்து? மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. புதிய பயனருக்கென்று எல்லாவற்றையும் எளிமையாக்கிய செயலியை அந்தப் புதிய பயனரே ஆறு மாதத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் என்றைக்கும் புதியவராகவே இருப்பார் என்று நினைத்தது நம் பிழை.

உலக வகுப்பு கடைசியில் கைவிடப்பட்டு, 13.5 மீட்டர் வகுப்பு அந்த இடத்துக்கு வந்தது. இதற்கிடையில் இன்னொரு யோசனை சத்தமில்லாமல் ஜெயித்தது. கிளப்புகளில் ஏற்கெனவே இருக்கும் விதவிதமான பழைய வண்டிகளையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் திறனுக்கும் ஏற்ப மதிப்பெண்ணில் ஈடுகட்டிப் போட்டி நடத்துவது. இந்தக் கிளப் வகுப்பின் முதல் உலகப் போட்டி 2001-இல் ஆஸ்திரேலியாவின் காலரில் நடந்தது. எல்லோரையும் ஒரே வண்டிக்கு மாற்றாமல், அவரவர் வண்டியோடு வரவிட்ட யோசனை.

பி.டபிள்யூ.-5 மோசமான வண்டி என்று யாரும் சொல்லவில்லை. பல கிளப்புகளில் இன்றும் முதல் ஒற்றை இருக்கையாக நல்ல வேலை செய்கிறது. கிளப் வாங்கினால் சரியாகப் பொருந்துகிறது, தனியாள் வாங்கினால் பொருந்தவில்லை. ஏனென்றால் கிளப்பில் ஒருவர் வளர்ந்து போனால் அடுத்தவர் வந்து உட்காருவார். வண்டி அதே படியில் நிற்கும், ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். புதியவருக்கான வண்டியைப் புதியவர் வாங்கக் கூடாது, ஊர் வாங்க வேண்டும்.

7

திருநின்றவூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் யோசிக்கும்போது பூசலாரைத் தவிர்க்க முடியவில்லை. பெரியபுராணத்துப் பூசலார் நாயனார் இந்த ஊர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனதிலேயே கட்டினார். காஞ்சியில் கற்றளி கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்த பல்லவ மன்னனின் கனவில் சிவன் வந்து, அன்றைக்கு நான் நின்றவூரில் இருப்பேன், வேறு நாள் பார்த்துக்கொள் என்றாராம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பக்தியின் பெருமையோடு முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அவருடைய வேலைமுறை. கண்ணை மூடியதும் கோபுரம் தெரிந்துவிடவில்லை. மனதுக்குள்ளேயே பொருள் தேடினார், தச்சர்களைக் கூட்டினார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார், இரவும் தூங்காமல் வரி வரியாக எழுப்பினார், குளமும் தோண்டினார். ஒரு படியையும் தாண்டவில்லை.

புதிய ஒற்றை இருக்கை வண்டியில் ஏறுமுன் நல்ல ஆசிரியர்கள் செய்யச் சொல்வதும் இதுதான். வண்டி ஷெட்டில் நிற்கும்போதே உள்ளே போய் உட்கார். கண்ணை மூடு. ஏர்பிரேக் எங்கே, தொடு. கயிற்றை விடும் பிடி எங்கே, தொடு. மூடியின் கொக்கி எங்கே. இப்போது விஞ்ச் இழுக்கிறது, 50 மீட்டரில் கயிறு அறுகிறது, என்ன செய்வாய்? மூக்கைக் கவிழ், வேகம் பார், எதிரே இடம் இருக்கிறதா? கூட வர முடியாத ஆசிரியர், கூட வரும் ஒரே வழி இது. பிறகு மாலை நேரம், காற்று அடங்கிய பொழுது, முதல் முறை. எந்தச் சாதனையும் வேண்டாம், ஏறி இறங்கினால் போதும்.

ஆனால் மனக்கோயில் கட்டினால் போதும் என்று இங்கே முடித்துவிட முடியாது. பல்லவனின் கல்லும் வேண்டும். நம் நாட்டில் ஒற்றை இருக்கைக் கிளைடரைத் தனியாள் வாங்கிப் பறப்பது என்பது மிகச் சிலருக்கே நடக்கக்கூடியது. ஹடப்சர் மாதிரி ஒரு மையத்தை அரசு நடத்தினால், என்.சி.சி. பிள்ளைகளுக்கு வண்டி வாங்கினால்தான் வழி. ரோகிணியும் ஆர்த்ராவும் அப்படிப்பட்ட முடிவுகளிலிருந்து பிறந்தவை. அந்தப் படிக்கட்டை ஒரு காலத்தில் தில்லியில் சிலர் மரத்திலும் பசையிலும் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதே இப்போது பலருக்குத் தெரியாது.

கிளைடர் வரிசை திருவாதிரையோடு நின்றுபோனது. அந்த மையத்தின் எஞ்சின் விமானங்களுக்கு ரேவதி, சுவாதி என்று பெயர் வைத்தார்கள். அடுத்த நட்சத்திரம் புனர்பூசம். அந்தப் பெயரில் ஒருநாள் ஒரு வண்டியைச் செய்தாலோ, வெளிநாட்டிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கினாலோ, தேர்வுக் கமிட்டியின் மேசையில் சறுக்கு விகிதத்துக்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கட்டும். எந்த வண்டியிலிருந்து இதற்கு வருவார்கள்? இதிலிருந்து எந்த வண்டிக்குப் போவார்கள்? அந்த 48 கிலோ பெண் இதில் உட்கார முடியுமா?